ஏலத்தில் வந்த ராணுவ லாரி: வாங்கியவர் படிக்க வேண்டிய பாடம்



ராணுவ வண்டி என்றாலே நம்மில் பலருக்கும் ஒரு கிறக்கம் உண்டு. பச்சை பெயிண்ட், நெஞ்சளவு உயர டயர், எதற்கும் அஞ்சாத பம்பர்! "மிலிட்டரி வண்டிடா, அதுக்குச் சாவே கிடையாது" என்று ஹாஸ்டலில் யாராவது சொன்னால் நாமும் தலையாட்டிவிடுவோம். ஆனால் ராணுவம் கழித்துவிட்ட ஒரு லாரியைத் தனி ஆள் ஒருவர் ஏலத்தில் எடுத்து ஓட்ட ஆரம்பித்தால் என்ன ஆகும்? அந்த வண்டி எதனால் சாகாமல் இருந்தது, இனி அதை யார் காப்பாற்றுவது? இதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமல்லவா? அமெரிக்க ராணுவத்தின் எம்-35ஏ2 லாரியை எடுத்துக்கொள்வோம். ராணுவம் கழித்த பிறகு இது தனியார் கைக்கு ஏராளமாகப் போனது. இதன் பராமரிப்புப் புத்தகங்களும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. நம் நாட்டுச் சக்திமான், ஜோங்கா வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் இதில் உள்ள பெரும்பாலான பாடம் பொருந்தும்.

1. வண்டி அறிமுகம்

எம்-35 வரிசையை 1950-இல் ரியோ நிறுவனம் உருவாக்கியது. ஏ2 வகை 1960-களில் வந்தது. அதன் முக்கிய விவரங்கள்:

சக்கர அமைப்பு: 6x6 (ஆறு முனைக்கும் உந்துசக்தி), பின்புறம் இரட்டை டயர், மொத்தம் 10 டயர்
டயர் அளவு: 9.00-20
காலி எடை: சுமார் 5,900 கிலோ
சுமை: கரடுமுரடான நிலத்தில் 2½ டன், நல்ல சாலையில் 5 டன் (அமெரிக்க டன் கணக்கில்)
என்ஜின்: 6 சிலிண்டர், 478 கன அங்குலம் (சுமார் 7.8 லிட்டர்), டர்போ பொருத்திய பல எரிபொருள் என்ஜின்
கியர்: 5 முன், 1 பின், இரண்டு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ்
மின் அமைப்பு: 24 வோல்ட்
பிரேக்: காற்று உதவியுடன் இயங்கும் ஹைட்ராலிக்

என்ஜினில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. எரிபொருளைப் பிஸ்டன் தலையில் உள்ள உருண்டைக் குழியின் சுவர்மீது பீய்ச்சி எரிக்கும் முறை ஜெர்மனியின் மேன் நிறுவனத்தினுடையது. அந்த முறையில்தான் இந்த என்ஜின் வேலை செய்கிறது. 1959 முதல் ஜபல்பூரில் தயாரான நம் சக்திமான் லாரியும் அதே மேன் நிறுவனத்தின் உரிமம் பெற்றதுதான்.

2. குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டியா?

ஏலத்தில் நிற்கும் லாரியின் மீட்டரைப் பார்த்தால் மயக்கம் வரும். முப்பது வயது வண்டி, ஓடியது வெறும் இருபதாயிரம் மைல்! "அட, புது வண்டி மாதிரி இருக்கே" என்று தோன்றும்.

இங்கேதான் ஏமாறுகிறோம். தேய்மானம் ஓட்டத்தால் மட்டும் வருவதில்லை. சும்மா நிற்பதாலும் வண்டி கெடுகிறது. ரப்பர் சீல் காய்ந்து இறுகும். பிரேக் எண்ணெயில் ஈரம் சேரும். டீசல் டேங்க்கின் மேல்பகுதியில் துரு பிடித்து, அந்தத் துருத்தூள் ஃபில்டருக்கு வரும். இன்ஜெக்‌ஷன் பம்பின் உள்ளே பழைய எரிபொருள் பசைபோல் உறைந்து, நகர வேண்டிய பாகம் நகராது. டயரில் பட்டன் முழுசாக இருக்கும், பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும்.

டயரின் வயதைப் பட்டனைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க விதிப்படி தயாரான டயர்களின் அடையாள எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஆகும். 2307 என்றால் 2007-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடைசியில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது அதற்கும் முந்தைய டயர். அதை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

3. ராணுவம் எதை விற்கவில்லை?

ராணுவத்தில் இந்த லாரியை ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை. வேலை பல அடுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதன் டெக்னிக்கல் மேனுவல்களின் எண்ணிலேயே அது தெரியும். எண்ணின் இறுதியில் 10 என்று இருந்தால் ஓட்டுநருக்கானது. 20 என்றால் படைப்பிரிவு மெக்கானிக்குக்கானது. 34 என்றால் பெரிய பட்டறைக்கானது. அதோடு பி என்ற எழுத்து சேர்ந்தால் உதிரிபாகப் பட்டியல். ஓட்டுநர் தொடக்கூடாத வேலையை ஓட்டுநர் புத்தகத்தில் போடவே மாட்டார்கள்.

ஓட்டுநர் செய்ய வேண்டிய சோதனைகளும் வண்டியை எடுக்கும் முன், ஓடும்போது, நிறுத்திய பின் என்று மூன்று வேளையாக அட்டவணை போட்டுத் தரப்பட்டன. அந்த வறட்டு அட்டவணையைப் படைவீரர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே 1951-இல் பி.எஸ். மேகசின் என்ற படக்கதைப் பாணிப் பராமரிப்பு இதழை அமெரிக்க ராணுவம் தொடங்கியது. புகழ்பெற்ற படக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் 1971 வரை அதற்குப் படம் வரைந்தார். "கிரீஸ் அடி" என்று சொல்வதற்கே ஓர் இதழும் ஓர் ஓவியரும்! அவ்வளவு முக்கியம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது ஏலத்துக்கு வருவோம். வண்டியை "உள்ளது உள்ளபடி" விற்பார்கள். பதிவுக்காக ஸ்டாண்டர்டு ஃபார்ம் 97 என்ற சான்று தருவார்கள். அவ்வளவுதான். அந்த ஓட்டுநர், அந்த மெக்கானிக், அந்தப் பட்டறை, அந்த ஸ்டோர், அந்த அட்டவணை எதுவும் வண்டியோடு வராது. வாங்கியவரே இனி அத்தனை பேரும் ஆக வேண்டும். முதல் செலவு மேனுவலுக்கு. இரண்டாவது செலவு ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு. என்றைக்கு எந்த எண்ணெய் மாற்றினோம், எந்தச் சக்கரத்தைப் பிரித்தோம் என்று எழுதாதவர், "பழசு எல்லாம் மாத்தியாச்சுன்னு நெனைச்சேன்" என்று பின்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

4. முதலில் பிரேக்

புது உரிமையாளர் பெரும்பாலும் முதலில் என்ஜினைத்தான் கிளப்பிப் பார்ப்பார். புகை வந்து, டர்போ விசில் அடித்ததும் ஒரு ரவுண்டு போகத் தோன்றும். நான் இன்பிளான்ட் டிரெய்னிங் போன பட்டறையில் ஹெட் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருந்தார். நின்றுபோன வண்டி எது வந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். "ஸ்டார்ட் ஆவலேன்னா வண்டி இங்கயே நிக்கும் தம்பி, ஒண்ணும் குடி முழுகாது. ஸ்டார்ட் ஆயி, நிக்கலேன்னா?" என்றார். எம்-35ஏ2 லாரிக்கு இந்தப் பேச்சு அப்படியே பொருந்தும்.

அதன் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் ஏர் பேக் என்ற கருவிக்குப் போகும். அங்கே எண்ணெய் அழுத்தத்தால் ஒரு வால்வு திறக்க, டேங்க்கிலிருந்து காற்று வந்து பெரிய பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பெரிய பிஸ்டன் ஒரு சிறிய ஹைட்ராலிக் பிஸ்டனைத் தள்ளும். பரப்பு வித்தியாசத்தால் அழுத்தம் பல மடங்கு பெருகி, ஆறு முனைகளிலும் உள்ள வீல் சிலிண்டருக்குப் போகும். பாஸ்கல் விதியை இதைவிடப் பெரிய உருவத்தில் பார்க்க முடியாது!

இதில் இரண்டு கோளாறுகளை மனதில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

(அ) காற்று போய்விட்டால்: பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஆனாலும் எண்ணெய் வழி இருப்பதால், முழு பலத்தோடு மிதித்தால் கொஞ்சம் பிரேக் பிடிக்கும். காற்றழுத்தம் சுமார் 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் பஸ்ஸர் கத்தி எச்சரிக்கும்.

(ஆ) எண்ணெய் போய்விட்டால்: பெடல் நேராகத் தரைக்குப் போகும். ஏ2 வகையில் ஆறு முனைக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஏதோ ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும், ஒரு ஹோஸ் வெடித்தாலும், ஆறு பிரேக்கும் ஒரே நேரத்தில் இல்லை. காற்று டேங்க் நிறைந்திருந்தும் பயனில்லை. இதற்குப் பஸ்ஸரும் கத்தாது.

இப்போதைய பெரிய லாரிகளின் முழு ஏர் பிரேக்கில், காற்று போனால் பின்புற ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். எம்-35ஏ2 அப்படியில்லை. கை பிரேக்கும் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒற்றை டிரம்மாக இருக்கிறது. நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது. ஓடும் வண்டியை நிறுத்த அதை நம்பக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 5,900 கிலோ வண்டி மணிக்கு 80 கி.மீ. (வினாடிக்கு 22.2 மீட்டர்) வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் ½mv², அதாவது ஏறக்குறைய 14.5 லட்சம் ஜூல். வேகத்தை 40 ஆகக் குறைத்தால் 3.6 லட்சம் ஜூல்தான். பாதி வேகம், கால் பங்கு ஆற்றல். அத்தனையும் பிரேக் டிரம்மில் வெப்பமாக மாற வேண்டும். மெதுவாக ஓட்டு என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த வர்க்கக் கணக்குதான் இருக்கிறது.

ஆகவே வண்டியை வாசலை விட்டு வெளியே எடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

• ஆறு டிரம்மையும் கழற்றிப் பார்க்க வேண்டும். "ஒண்ண பாத்தாச்சு, மத்ததும் அப்படித்தான் இருக்கும்" என்பது கூடவே கூடாது. வீல் சிலிண்டரின் தூசு ரப்பரை மெதுவாக விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். ஈரம் இருந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டும்.

• லைனிங்கில் கியர் ஆயில் நனைந்திருந்தால், ஹப் சீல் போய்விட்டது என்று பொருள். லைனிங்கைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் சூடானதும் எண்ணெய் மறுபடி ஊறி வெளிவரும். சீல், லைனிங் இரண்டும் மாற்ற வேண்டும்.

• ரப்பர் ஹோஸ் அனைத்தும் புதிது. பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். மிதித்தால் எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடி சூடேறும்.

• எண்ணெய் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் டாட் 5 என்னும் சிலிக்கோன் எண்ணெய்க்கு மாறியது. நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 கிளைக்கால் வகை. இரண்டையும் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் டாட் 5 போல. அதுவும் கிளைக்கால் வகையே! கடையில் அவசரத்தில் ஏமாறுவது இங்கேதான். சிலிக்கோன் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது என்பது நல்லதுதான். ஆனால் உள்ளே நுழைந்த தண்ணீர் அதில் கலக்காமல், தாழ்வான இடமான வீல் சிலிண்டரில் போய்த் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே அதையும் அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும்.

• பெடலில் சிறிது ஃப்ரீ பிளே இருக்க வேண்டும். இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளை மூடியே இருந்து, எண்ணெய் திரும்ப வழியின்றி பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். சூட்டில் எண்ணெய் விரிய, இன்னும் இறுகும்.

• என்ஜினை நிறுத்தி, காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. காற்றை நிரப்பிவிட்டு இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

• வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் எண்ணெய் மட்டம் குறைகிறதா? ஏர் பேக்கின் உள் சீல் கசிந்து எண்ணெய் காற்றறைக்குப் போகலாம். தரையில் கறை இல்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே மறைவாக இருப்பதால் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. மட்டம் பார்ப்பதை வண்டி எடுக்கும் முன் சோதனையிலேயே சேர்த்துவிட வேண்டும். சில உரிமையாளர்கள் முன், பின் என இரு சுற்றாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்திக்கொள்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பிஸ்டன் பரப்பு, பெடல் நீளம், தள்ளும் எண்ணெயின் அளவு எல்லாம் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. கண் மதிப்பில் செய்தால் இருந்ததும் போய்விடும்.

5. சக்கரம்: பக்கத்தில் நிற்காதே

இந்த வண்டியில் டயரை ரிம்மில் பிடித்து வைப்பது ஒரு பிளவு வளையம், அதாவது லாக் ரிங். நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் டியூப் டயர் லாரிகளுக்குச் சுத்தியலால் தட்டிப் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஆபத்தை ஓர் உத்தேசக் கணக்கில் சொல்கிறேன். 20 அங்குல ரிம்மின் விளிம்பு முதல் டயர்ச் சுவரின் நடு வரை உள்ள வளையப் பரப்பு ஏறக்குறைய 390 சதுர அங்குலம். 50 பி.எஸ்.ஐ. காற்று அடித்தால் 390 x 50 = 19,500 பவுண்டு. அதாவது எட்டரை டன்னுக்கு மேல், காலி லாரியின் எடையைவிட அதிகம்! துருப்பிடித்த அல்லது சரியாக உட்காராத வளையம் தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது.

அமெரிக்காவில் 1980-இல் இத்தகைய சக்கரங்களுக்கென்றே தொழிற்பாதுகாப்பு விதி வந்தது. கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். நீளமான ஹோஸ் மாட்டி, வளையத்தின் பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும். வண்டியிலிருந்து கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் வெளியேற்ற வேண்டும். பின் இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலிருந்தும். காற்று இருக்கும்போது வளையத்தைச் சுத்தியலால் தட்டவே கூடாது. கூண்டு இல்லாத தனி உரிமையாளர் இந்த வேலையை லாரி டயர் பட்டறைக்குக் கொடுப்பதே நலம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று: இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி. தெரியாமல் நாலடி பைப் மாட்டி எதிர்ப்பக்கம் திருகி ஸ்டட்டை ஒடித்தவர்கள் உண்டு. பின் சக்கரத்தில் உள் நட்டு, வெளி நட்டு என இரண்டு. வெளி நட்டை மட்டும் இறுக்கினால் உள் சக்கரம் தளர்ந்திருப்பது தெரியாது. ஒவ்வொரு வெளி நட்டாகத் தளர்த்தி, உள்ளதை இறுக்கி, பிறகு வெளியதை இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

6. என்ஜினும் மின்சாரமும்

நெடுநாள் நின்ற என்ஜினை உடனே கிளப்பக் கூடாது. ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி, அதாவது எரிபொருளை நிறுத்திவிட்டு, விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். டர்போ பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேராமல் ஓட்டினால் அன்றே அதன் ஆயுள் முடியும். அந்த ஸ்டாப் கேபிளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது, சுவிட்சை அணைத்தால் மட்டும் இது நிற்காது.

"பல எரிபொருள் என்ஜின், எதை ஊத்தினாலும் ஓடும்" என்று சிலர் பழைய என்ஜின் ஆயிலைக் கூட ஊற்றுகிறார்கள். டீசல், மண்ணெண்ணெய் வகை, ஜெட் எரிபொருள் ஆகியவற்றின் அடர்த்தி வேறுபாட்டைச் சரிக்கட்டப் பம்பில் ஒரு கருவி உண்டு என்பது உண்மையே. ஆனால் போர்க்களத்தில் கிடைத்ததை ஊற்றி ஊர் சேர்வதற்கான வசதி அது. அழுக்கு எண்ணெயின் கசடை அந்தக் கருவி வடிகட்டாது. முதலில் ஃபில்டர் அடைபடும், பிறகு பம்ப் போகும். சுத்தமான டீசலே அதற்கும் நல்லது, நம் பர்சுக்கும் நல்லது.

இறக்கத்தில் கவனம் வேண்டும். என்ஜினின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 2,600 சுற்று. கவர்னர் எரிபொருளைத்தான் குறைக்கும். தாழ்ந்த கியரில் வண்டியின் எடை என்ஜினைச் சுழற்றினால் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது, கனெக்டிங் ராடு உடையும். ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துப் பொருத்தமான கியரைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளின் தொடர் இணைப்பு. ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டும் என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்தால், அந்தப் பேட்டரி வடியும். சார்ஜ் ஏறும்போது மற்றது அளவுக்கு மீறிச் சூடாகும். கடைசியில் இரண்டும் கெடும். 24-லிருந்து 12-க்குக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும்.

7. நமக்கு இதில் என்ன?

நாளை நம்மில் யாரும் எம்-35 வாங்கப் போவதில்லை. ஆனால் டிப்ளமோ முடித்ததும் பழைய ஜெனரேட்டர், பழைய கம்ப்ரஸர், பழைய பஸ் என்று யாரோ கைவிட்ட ஒன்றின் முன்னால்தான் பலரும் நிற்கப் போகிறோம். முன்பு இதை யார் பார்த்துக்கொண்டார்கள், என்ன அட்டவணையில் பார்த்தார்கள், அந்த வேலை இப்போது யார் தலையில் என்று முதலில் கேட்போம். பிறகு ஸ்பேனரை எடுப்போம். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கப்பட்ட ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கத்தைப் போன்ற அமைப்புகளில் உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தந்து இந்த வண்டிகளைக் காப்பாற்றுகிறார்கள். நம் லேபிலும் ஒரு பழைய என்ஜின் ஓரமாகக் கிடக்கிறதே, அதற்கு ஒரு நோட்டுப் போட்டு இந்த ஆண்டே ஆரம்பிக்கலாமே!

பாடம் முடிந்தது. வைவாவுக்குத் தயாராக, சில கேள்விகள்:

1. காற்று நிறைந்திருந்தும் எம்-35ஏ2 லாரியின் ஆறு பிரேக்கும் ஒரே நேரத்தில் போவது எப்படி?
2. வெளியே கசிவு தெரியாமல் பிரேக் எண்ணெய் குறைந்தால் எங்கே பார்ப்பாய்?
3. டாட் 5, டாட் 5.1 வேறுபாடு யாது?
4. இறக்கத்தில் கவர்னர் ஏன் என்ஜினைக் காப்பாற்றாது?
5. லாக் ரிங் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது எங்கே நிற்பாய்?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் தவறாக விடை சொல்லாதீர்கள். அதற்கு அரியர் எழுத வாய்ப்பே இல்லை!